ஏறுவோரும் ஏவுவோரும்

விழா ஒன்று அணுகும்போது முதலில் வெளியே வருவன ஏணிகளே. மண்டபத்திற்கு வெள்ளையடிக்க வேண்டும், உடைந்த ஓடுகளை மாற்ற வேண்டும், பந்தலிட வேண்டும், வாயிலில் வளைவு கட்ட வேண்டும், தோரணமும் மின்விளக்கும் தூக்க வேண்டும். கல்லூரி விழாவாயினும், ஆலயத் திருப்பணியாயினும், வீட்டிற் கலியாணமாயினும் இதுவே வழக்கம். ஏணி எட்டாதவிடத்து மேசையின்மேல் மேசையும் அதன்மேற் கதிரையும் வைத்து, கீழே இருவர் பிடித்துக்கொள்ள, மேலே ஒரு மாணவன் ஏறி நின்று கயிறு கட்டும் காட்சியை இம்மலரைப் படிப்போருட் காணாதவர் மிகச் சிலரே. நம்முட் சிலர் அவ்வாறு ஏறியவர்கள், சிலர் பிடித்தவர்கள், வேறு சிலர், "தம்பி, பார்த்து ஏறு" என்று சொல்லிவிட்டு அடுத்த அலுவலைக் கவனிக்கச் சென்றவர்கள்.

இக்கட்டுரை பெரும்பாலும் அம்மூன்றாம் வகுப்பினரை நோக்கியது. உயரத்தில் நின்று வேலை செய்வோருக்கும் அவரை அங்கே ஏற்றுவோருக்கும் உள்ள கடமைகள் எவை, அவை எவ்வாறு வகுக்கப்பட்டன, அவற்றுள் எது முந்தியது என்பவற்றை விளக்குவதே எனது நோக்கம். கட்டட வேலைகளை மேற்பார்வை செய்யும் தொழிலிற் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இதனை எழுதத் துணிகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், கூரைத் தகடு முறிந்து விழுந்து முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட ஒரு தொழிலாளியைப் பார்க்க வைத்தியசாலைக்குச் சென்றிருந்தேன். அவரை வேலைக்கு அமர்த்திய வீட்டுக்காரரும் அங்கே நின்றார். நல்ல மனிதர், கண் கலங்கியிருந்தார். "நான் பார்த்து ஏறச் சொன்னேனே" என்பதையே அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். படுத்திருந்தவரோ, "ஐயா சொன்னவர்தான், என்னிலைதான் பிழை" என்றார். இருவரும் தாம் சொன்னதை முற்றாக நம்பினர். ஆயினும் அந்தத் தகட்டின்மேல் ஒரு நீண்ட பலகை போடப்பட்டிருந்தால் அவ்விருவரும் அவ்விடத்திற் சந்தித்திருக்க மாட்டார்கள். அப்பலகையைப் போட வேண்டியவர் யார் என்பதே நாம் ஆராய வேண்டிய வினா.

வீழ்ச்சியின் கணக்கு

"கவனமாயிருந்தால் விழமாட்டான், விழுந்தாலும் எதையாவது எட்டிப் பிடித்துக்கொள்வான்" என்பது பலரது எண்ணம். பௌதிகவியல் கற்கும் மாணவர் எவரும் இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். தடையின்றி விழும் பொருள் முதல் ஒரு விநாடியில் ஏறத்தாழ 16 அடி தூரம் விழுகின்றது. அவ்விநாடியின் முடிவில் அதன் வேகம் மணிக்கு 35 கிலோமீற்றர். ஆகவே, சாதாரண மாடி வீட்டின் கூரை விளிம்பிலிருந்து தவறியவர் நிலத்தை அடைய ஒரு விநாடியும் சிறிதுமே செல்லும். இரண்டு மீற்றர், அதாவது ஏறக்குறைய 6½ அடி உயரத்திலிருந்து விழுவோருக்கோ முக்கால் விநாடியும் இல்லை. "நான் விழுகின்றேன்" என்று மூளை உணர்ந்து கைக்கு ஆணையிடுமுன் பயணத்தின் பெரும் பகுதி முடிந்துவிடும்.

மற்றொன்று. விழும் உடல் நிலத்தில் மோதும்போது தாங்கவேண்டிய சக்தி உயரத்திற்கு நேர் விகிதமானது. உயரம் இருமடங்காயின் அச்சக்தியும் இருமடங்காகும். ஆயினும் சிறிய உயரம் என்று அலட்சியஞ் செய்வதற்கில்லை. தலை கீழாக விழுபவருக்கு ஆறடியும் போதியது. மேசைமேலிருந்து பின்புறமாகச் சாய்ந்து படிக்கட்டின் விளிம்பில் மோதுபவருக்கு மூன்றடியும் போதியது. இதனாலேயே, விழுந்தபின் செய்வது பற்றிய கடமையிலும் விழாமற் செய்வது பற்றிய கடமை முந்தியதாக வைக்கப்பட்டது. அக்கடமையைச் செய்ய உரிய காலம், ஆள் ஏணியிற் கால் வைக்குமுன் உள்ள காலமே.

ஒரு வலை கற்பித்த பாடம்

அமெரிக்காவிலே சன் பிரான்சிஸ்கோ நகரக் கடல்வாயின் குறுக்கே கோல்டன் கேற் பாலம் 1933 இல் தொடங்கி 1937 இல் முடிக்கப்பட்டது. அக்காலத்துப் பெரும் பாலவேலைகளில், செலவாகும் ஒவ்வொரு பத்து இலட்சம் டொலருக்கும் ஓர் உயிர் போகும் என்பது கட்டடக்காரர் வாய்ப்பாடு போலச் சொல்லிவந்த கணக்கு. அப்பாலத்தின் செலவோ மூன்றரைக் கோடி டொலர். அக்கணக்கின்படி முப்பத்தைந்து பேர் இறக்க வேண்டும். அதனை எவரும் வியப்பாகவும் கொள்ளமாட்டார்.

தலைமைப் பொறியியலாளரான ஜோசேப் ஸ்ட்ராவுஸ் அவ்வாய்ப்பாட்டை ஏற்கவில்லை. தொழிலாளர் யாவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்று கட்டளையிட்டார். பாலத்தின் தளத்துக்குக் கீழே, அதன் முழு நீளத்துக்கும், இருபுறமும் பத்தடி வெளியே நீண்டு நிற்குமாறு ஒரு கயிற்று வலையைக் கட்டுவித்தார். அதற்கு 1,30,000 டொலருக்கு மேற் செலவாயிற்று. அவ்வலை 19 பேரைத் தாங்கிக் காத்தது. நரகத்துக்குப் பாதிவழி சென்று மீண்டோர் சங்கம் என அவர்கள் தம்மை வேடிக்கையாக அழைத்துக்கொண்டனர்.

ஆயினும் 1937 பெப்ரவரி 17 இல், பாலத்தின் கீழ்ப்புறம் தொங்கி நகரும் சாரமொன்று பிடி கழன்று வலைமேல் விழுந்தது. மனிதரைத் தாங்க நெய்யப்பட்ட வலை பல தொன் எடையுள்ள சாரத்தைத் தாங்கவில்லை. அது கிழிந்து கடலில் வீழ்ந்தபோது பத்துப் பேர் இறந்தனர். அதற்கு முன் இறந்தவர் ஒருவரே. ஆக மொத்தம் பதினொருவர்.

இச்சரிதத்தில் இரண்டு பாடங்கள் உள்ளன. முதலாவது, முப்பத்தைந்து என்ற கணக்கு இயற்கை விதியன்று. செலவிட மனம் வைத்தபோது அது குறைந்தது. இரண்டாவது, ஒரு காப்பு இருக்கின்றதென்று மற்றொன்றைச் சோதியாது விடலாகாது. வலை இருந்தமையாற் சாரத்தின் பிடியைப் பார்க்கும் கடமை நீங்கிவிடவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க. வலையிலே விழுந்தவர் எவரும் அதனை நினைத்து அணிய வேண்டியிருக்கவில்லை; கொழுவ வேண்டியிருக்கவில்லை. களைத்தவரையும் மறந்தவரையும் புதியவரையும் அது ஒருங்கே காத்தது. இடுப்பில் அணியும் வார் அணிந்தவரை மட்டும், அதுவும் கொழுவியபோது மட்டும், காக்கும். எல்லாரையும் ஒருங்கே காக்கும் ஏற்பாடு ஒருவரை மட்டும் காக்கும் ஏற்பாட்டுக்கு முந்த வேண்டும் என்ற பிற்காலச் சட்டக் கொள்கையின் பொருள் இதுவே.

நீதிமன்றங்கள் வகுத்த நெறி

நமது நாட்டின் தொழிற் சட்டங்கள் பலவற்றுக்கு மாதிரியாயிருந்தவை பிரித்தானியச் சட்டங்கள். ஆதலால் அங்கே இக்கடமை வளர்ந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 1837 இல், இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் வேலையாள், அளவு மிஞ்சிப் பாரம் ஏற்றிய வண்டி முறிந்து காயமடைந்து தொடுத்த வழக்கிலே, எசமான் பொறுப்பாளியல்லர் எனத் தீர்ப்பாயிற்று. வேலையாள் ஆபத்தைத் தானும் அறிவான். விரும்பாவிடின் வேலையை மறுத்திருக்கலாம் என்பது அதன் கருத்து. பசித்தவன் வேலையை மறுக்கும் சுதந்திரம் எத்தகையது என்பதை அந்நீதிமன்றம் ஆராயவில்லை. அடுத்த நூறு ஆண்டுகளில் அத்தீர்ப்பின் வலிமை சிறிது சிறிதாகத் தேய்ந்தது.

1937 இல், ஸ்கொத்லாந்தின் நிலக்கரிச் சுரங்க வழக்கொன்றிலே, பிரபுக்கள் சபை வேலைகொள்வோரின் கடமையை மூன்றாக வகுத்துரைத்தது. தகுதியுள்ள ஆட்களை அமர்த்தல். தகுந்த பொருள்களையும் கருவிகளையும் அளித்தல். வேலைக்கு ஒழுங்கான முறையை வகுத்து மேற்பார்வை செய்தல் என்பன அவை. அத்துடன், இக்கடமை வேலைகொள்வோருக்கே உரியது. அதனைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டுத் தாம் நீங்கிக்கொள்ள முடியாது என்றும் கூறிற்று. "எல்லாம் மேசனாரிடம் விட்டுவிட்டேன்" என்று சொல்வோர் இவ்வாக்கியத்தை இருமுறை படிப்பாராக.

உயரத்தில் வேலை செய்தல் பற்றி நேரே எழுந்த வழக்கு 1952 இல் தீர்க்கப்பட்டது. சன்னல் துடைக்கும் தொழிலாளி ஒருவர், வெளிப்புறத்துச் சன்னல் விளிம்பில் நின்று, மேலுங் கீழும் நகரும் கண்ணாடிக் கதவைப் பிடித்தபடி துடைத்துக்கொண்டிருந்தார். கதவு திடீரெனக் கீழே இறங்கி விரலை நசுக்க, பிடிவிட்டு விழுந்தார். அத்தொழிலாளர் எல்லாரும் நெடுங்காலமாக அவ்வாறே செய்து வந்தனர் என்பது கம்பனியின் வாதம். பிரபுக்கள் சபை அதனை ஏற்கவில்லை. எல்லாரும் அறிந்த ஆபத்தாயின் அதற்கு மாற்று வழி தேடுவது வேலைகொள்வோர் கடமை. கதவு இறங்காதபடி ஒரு மரத்துண்டைச் செருகுமாறு அறிவுறுத்துவதேனும் செய்திருக்கலாம் என்றது. அவ்வழக்கிலே ஒக்சிப் பிரபு கூறிய ஒரு கருத்து நினைவிற் கொள்ளத்தக்கது. வேலைகொள்வோர் அமைதியான அறையில் அறிஞர் துணையுடன் இருந்து சிந்திக்க வல்லவர். தொழிலாளியோ குறுகிய சன்னல் விளிம்பில் நின்று முடிவு செய்ய வேண்டியவர். நாள்தோறும் செய்து பழகிய பழக்கமே அவர் கண்ணிலிருந்து ஆபத்தை மறைத்துவிடும் என்பது அக்கருத்து.

இதற்கு மறுபுறமும் உண்டு. 1956 இல் ஸ்கொத்லாந்துக் கப்பற்றுறை ஒன்றில், உருக்குக் கோபுரத்தில் வேலை செய்த ஒருவர் 70 அடி உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். அங்கே இருந்த பாதுகாப்பு இடைவார்களை இரண்டு மூன்று நாள்களுக்கு முன்னரே வேறிடத்துக்கு எடுத்துச் சென்றுவிட்டனர். ஆகவே கம்பனி கடமை தவறியது என்பது வெளிப்படை. ஆயினும், வார் அங்கே இருந்த நாள்களிலும் அவர் அதனை அணியும் வழக்கமில்லாதவர் என்று சாட்சிகள் கூறினர். இருந்தாலும் அணிந்திருக்க மாட்டார். எனவே வார் இல்லாமையால் மரணம் நேர்ந்ததென்று கொள்ள முடியாது என 1962 இல் பிரபுக்கள் சபை தீர்த்தது. அவருடைய மனைவிக்கு நட்டஈடு கிடைக்கவில்லை. கணவரின் வழக்கத்துக்கு அவ்வம்மையார் செலுத்திய விலை அது.

மூன்றாவது வழக்கு 1969 இல் தீர்க்கப்பட்டது. வர்ணம் பூசுபவர் ஒருவர் ஏணியின் உச்சியைக் கட்டுவதற்காக அதே ஏணியில் ஏறியபோது அது சறுக்கி விழுந்தார். அருகே இருந்த இரும்புப் படிக்கட்டால் ஏறிச் சென்று ஏணியைக் கட்டியிருக்கலாம். அவ்வாறு செய்யாமை அவர் குற்றம். அவ்வாறு செய்க என்று அறிவுறுத்தாமை வேலைகொள்வோர் குற்றம். இருவர்க்கும் பாதிப் பாதி என்று தீர்ப்பாயிற்று. கற்றுக்கொடுக்கப்படாத ஒன்றைத் தொழிலாளி செய்யவில்லை என்று மட்டும் சொல்லி வேலைகொள்வோர் தப்ப முடியாது என்பது இதன் சாரம்.

வேலைகொள்வோர் கடமை

எவ்வளவு உயரத்திலிருந்து இக்கடமை தொடங்குகின்றது? 1937 ஆம் ஆண்டின் பிரித்தானியத் தொழிற்சாலைச் சட்டம் பத்தடிக்கு மேல் விழக்கூடிய இடங்களுக்குக் காப்பு வேண்டும் என்றது. 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவ்வளவு 6½ அடியாகக் குறைந்தது. 2005 ஏப்ரிலில் நடைமுறைக்கு வந்த உயரவேலை ஒழுங்குவிதிகள் அவ்வெல்லையையும் நீக்கி, விழுந்தாற் காயம் நேரக்கூடிய எந்த உயரமும் உயரமே என்றன. ஆறடிக்குக் குறைவான இடங்களிலிருந்தும் மனிதர் விழுந்து இறந்ததனாலேயே எல்லைக் கோடு அழிந்தது.

அவ்விதிகள் வேலைகொள்வோர் சிந்திக்க வேண்டிய முறையை மூன்று படிகளாக வைக்கின்றன. முதற்படி, ஏறாமலே அவ்வேலையைச் செய்ய முடியுமா என்று பார்த்தல். நீண்ட கோலிற் கட்டிய தூரிகையால் நிலத்தில் நின்றே வெள்ளையடிக்கலாம். கூரைச் சட்டங்களை நிலத்தில் வைத்துப் பொருத்தி, பின் தூக்கி நிறுத்தலாம். இரண்டாம்படி, ஏறித்தான் ஆகவேண்டுமாயின் விழாதபடி செய்தல். உறுதியான சாரம், அதன்மேல் இடைவெளியின்றிப் பரப்பிய பலகை, சுற்றிலும் கைப்பிடிக் கிராதி என்பன இதற்கு வேண்டும். கட்டட வேலையில் அக்கிராதி 950 மில்லிமீற்றர், அதாவது ஏறக்குறைய 3 அடி 1½ அங்குலத்துக்குக் குறையலாகாது. இடைக்கம்பிகளுக்கு நடுவே 18½ அங்குலத்துக்கு மேல் வெளி இருத்தலாகாது. ஓரத்தில் நிறுத்தும் குறும்பலகை, சுத்தியலும் கல்லும் கீழே செல்வோர் தலையில் விழாதபடி தடுக்கும். மூன்றாம்படி, வீழ்ச்சியைத் தடுக்க முடியாவிடின் அதன் தூரத்தையும் தாக்கத்தையும் குறைத்தல். வலையும் வாரும் இப்படியைச் சேர்ந்தவை.

நமது வழக்கிலோ இவ்வரிசை தலைகீழாயிருக்கின்றது. பாதுகாப்பு என்றதும் "ஒரு பெல்ற் வாங்கிக் கொடுத்துவிட்டேன்" என்கின்றோம். வார் கடைசிப் படி. அதற்கும் சில நிபந்தனைகள் உண்டு. இடுப்பை மட்டும் சுற்றும் வார் விழும் வேகத்தில் வயிற்றையும் முதுகெலும்பையும் நெரித்துவிடும். இதனால் அமெரிக்காவில் 1998 முதல், வீழ்ச்சியைத் தாங்குவதற்கு அதனைப் பயன்படுத்தல் விலக்கப்பட்டது. தோள், மார்பு, தொடை ஆகியவற்றைச் சேர்த்துப் பிணைக்கும் முழுவுடல் வாரே வேண்டும். அவ்வாரின் கயிறு எதிற் கட்டப்படுகின்றது என்பது அடுத்த வினா. ஆளைத் தாங்காத சலாகையிற் கட்டிய கயிற்றாற் பயனில்லை. கீழே எவ்வளவு வெளி உண்டு என்பது மூன்றாவது வினா. இரண்டு மீற்றர்க் கயிறு முற்றாக நீண்டு, அதிர்ச்சி தாங்கும் மடிப்பு மேலும் 1¾ மீற்றர் வரை விரிந்து, ஆளின் உயரமும் சேருமாயின், கட்டிய இடத்திற்குக் கீழே ஆறு மீற்றரேனும் வெளி வேண்டும். அஃதில்லாவிடின் கயிறு இறுகுமுன் ஆள் நிலத்தில் மோதிவிடுவார். நான்காவது வினா, தொங்குபவரை யார், எதனால், எவ்வளவு விரைவில் இறக்குவது என்பது. அசையாது தொங்குபவர் சில நிமிடங்களிலேயே உணர்விழக்கக் கூடும். ஆகவே மீட்கும் வழியை ஏறுமுன்னரே தீர்மானித்தல் வேலைகொள்வோர் கடமைகளுள் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது.

ஏணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏணி ஏறிச் செல்லும் வழியாகவே கொள்ளத்தக்கது. குறைந்த ஆபத்தும் குறுகிய நேரமும் உள்ள வேலைக்கு மட்டுமே அதன்மேல் நின்று வேலை செய்யலாம். ஒரே நிலையில் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டுமாயின் வேறு சாதனம் தேடுதல் நன்று. நான்கடி உயரத்துக்கு ஓரடி என்ற கணக்கில் அதன் அடியை வெளியே வைக்க வேண்டும். மேல் நுனியைக் கட்ட வேண்டும். கூரைக்கு ஏறுவதாயின் ஏணி கூரை விளிம்புக்கு மேலே ஒரு மீற்றரேனும் நீண்டு நிற்க வேண்டும். இவை செலவற்ற காரியங்கள்.

இவற்றோடு, தகுதியுள்ளவரையே ஏற்றுதல், காற்றும் மழையும் மிகுந்தபோது வேலையை நிறுத்துதல், இரண்டு மீற்றருக்கு மேற்பட்ட சாரத்தை ஏழு நாள்களுக்கு ஒருமுறையும் புயல் மழைக்குப் பின்னரும் தகுந்தவரைக் கொண்டு சோதிப்பித்தல் என்பனவும் கடமைகளே. பிரித்தானியாவின் 1974 ஆம் ஆண்டுச் சட்டம், சட்டப்படி அளிக்க வேண்டிய பாதுகாப்புப் பொருள்களுக்காகத் தொழிலாளியிடம் பணம் அறவிடக் கூடாது என்றும் விதித்தது.

தொழிலாளர் கடமை

வேலைகொள்வோர் கடமை முந்தியது என்றதனால் தொழிலாளிக்குக் கடமையில்லை என்று கொள்ளற்க. அளிக்கப்பட்ட சாதனத்தைக் கற்பித்த முறைப்படி பயன்படுத்தல் அவரது முதற் கடமை. தமக்கோ பிறர்க்கோ ஆபத்தான குறையைக் கண்டால் மேற்பார்வையாளருக்கு உடனே அறிவித்தல் இரண்டாவது. தமது செயலாற் பிறர்க்குத் தீங்கு நேராதபடி நடத்தல் மூன்றாவது. வேலைக்கு இடைஞ்சலென்று கிராதியைக் கழற்றிவிட்டுத் திரும்பப் பொருத்தாது செல்பவர், அடுத்து வருபவரின் உயிரை அங்கே விட்டுச் செல்கின்றார். மது அருந்தி ஏறுபவர் தம்மோடு கீழே நிற்பவரையும் ஆபத்துக்குள்ளாக்குகின்றார்.

இவற்றுள் மிக அரியது இரண்டாவது கடமையே. நாட்கூலிக்கு வந்தவர், "ஐயா, இந்தச் சாரம் சரியில்லை" என்று சொல்வது எளிதன்று. சொன்னால் நாளைக்கு வேறொருவரை அழைப்பார்களோ என்ற அச்சம் அவருக்கு உண்டு. "பயந்தவன்" என்ற ஏளனமும் உண்டு. அவர் வாய் திறக்கக்கூடிய நிலையை உண்டாக்குவதும் வேலைகொள்வோர் கடமையிற் சேரும். குறை சொன்னவரை நன்றியோடு கேட்டு, அன்றே அக்குறையைத் தீர்த்த இடத்தில் மட்டுமே மறுநாளும் எவராவது குறை சொல்வர்.

"பழகியவனுக்கு இவையெல்லாம் எதற்கு?" என்பாரும் உளர். யாழ்ப்பாணத்திற் பனை ஏறும் தொழிலாளரை அவர்கள் நோக்குவாராக. கிளையில்லாத நெடுமரத்தில் நாள்தோறும் ஏறியிறங்கும் அவர்களிலும் உயரத்திற் பழகியவர் எவர்? அவர்கள் தளைநார் இன்றி ஏறுவதில்லை. நார் நைந்தால் மாற்றுவர். கைதேர்ந்தவர் கருவியைத் தள்ளுவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை. ஆயினும் தளைநார் ஏறுவதற்குத் துணை, தவறியவரைத் தாங்குவதன்று. அத்தனை திறமைக்கும் நாம் கொடுத்த காப்பு அந்த ஒரு நார் மட்டுமே என்பது எண்ணத்தக்கது. யானைக்கும் அடி சறுக்கும் என்பது பழமொழி. சறுக்காதவரைத் தேடுவதை விட்டு, சறுக்கினாலும் சாகாதபடி ஏற்பாடு செய்வதே அறிவு.

நம் நாட்டு நிலை

இலங்கையில் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கமாகவும், தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கமாகவும் ஆக்கப்பட்டன. முன்னையது விபத்துக்குப் பின் நட்டஈட்டைப் பற்றியது. பின்னையது விபத்தைத் தடுத்தலைப் பற்றியது. 1937 ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டத்தைத் தழுவியது. பெருங் கம்பனிகளின் கட்டட வேலைகளிலே தலைக்கவசமும் வலையும் இன்று காணப்படுகின்றன. நமது ஊர்களிலோ பெரும்பாலான உயரவேலை, வீட்டுக்காரர் ஒருவரும் மேசனார் ஒருவரும் அவர் கூட்டிவரும் நான்கைந்து பேரும் சேர்ந்து செய்வது. அங்கே பரிசோதகர் வருவதில்லை. பாதுகாப்பு உத்தியோகத்தரும் இல்லை. அவ்விடத்திற் சட்டத்தின் வேலையைச் செய்யவேண்டியவர் நாமே.

நமது ஊர்களில் மிகுந்த கவனத்திற்குரியது "சீற்று" என வழங்கும் கல்நார்த் தகட்டுக் கூரை. வெயிலும் மழையும் பட்ட பழந்தகடு பார்வைக்கு உறுதியாயிருக்கும்; பாசியும் வர்ணமும் வெடிப்புகளை மறைத்துவிடும். ஆணி அடித்த வரிசைமேல் நடந்தால் முறியாது என்பது பரவலான நம்பிக்கை, அது தவறு. பழந்தகடு ஒருவருடைய பாரத்தைத் தாங்கும் என எண்ணவே கூடாது. மரச்சட்டங்களின்மேற் பாரம் பரவுமாறு நீண்ட பலகைகளைப் போட்டு, அவற்றின்மேலேயே நிற்க வேண்டும். கீழிருந்து சாரம் கட்டி வேலை செய்தல் அதனினும் நன்று.

அடுத்தது கோபுரத் திருப்பணி. குடமுழுக்குக்கு முன் கோபுரத்தைச் சுற்றி மரங்களை நிறுத்திக் கயிற்றாற் பிணைத்துச் சாரம் கட்டுகின்றோம். அக்கலையில் வல்லவர்கள் நம்மிடையே இருந்துள்ளனர், இன்றும் உள்ளனர். ஆயினும் நடப்பதற்கு ஒற்றைப் பலகையே போதும் என்றும், கைப்பிடி தேவையில்லை என்றும் இருந்துவிடுகின்றோம். திருப்பணிக்கு இலட்சக்கணக்கிற் பொருள் கொடுப்போர், அதில் ஒரு சிறு பங்கு பலகைக்கும் கிராதிக்கும் செல்க என்று விதித்தால், சிற்பிகளும் வர்ணம் தீட்டுவோரும் அச்சமின்றிப் பணி செய்வர். தவறி விழுந்த பின், "விதி" என்று சொல்லி மனத்தைத் தேற்றுவோரும் உளர். ஏணியின் நுனியைக் கட்டாமல் விட்டது நமது மறதி. அதற்கு விதியின் பெயரைச் சூட்டுதல் முறையன்று.

மூன்றாவது, நாம் தொடக்கத்திற் கண்ட மேசையும் கதிரையும். மாணவர் கூலிக்கு ஏறுபவர் அல்லர்; ஆசிரியர் சொல்லையும் விழாவின் உற்சாகத்தையும் நம்பி ஏறுகின்றனர். அவர்களுக்கு மறுக்கும் வாய் இல்லை. ஆபத்தை அளக்கும் வயதும் இல்லை. ஆகவே அவர்களை ஏவுவோரின் கடமை, கூலிக்கு ஆள் அமர்த்துவோரின் கடமையினும் பெரிது. உயரத்திற் கட்டவேண்டியதைத் தகுந்த ஏணியும் பயிற்சியும் உள்ள வளர்ந்தவரே கட்டுக; மாணவர் கீழே நின்று தோரணம் பின்னுக. விழாவின் அழகு அதனாற் குன்றாது.

முடிவுரை

இத்துணையும் கூறியவற்றை, ஒருவரை உயரத்துக்கு ஏவுமுன் நம்மை நாமே கேட்கவேண்டிய ஐந்து வினாக்களாகத் திரட்டிக் கூறலாம். ஏறாமலே இதனைச் செய்ய முடியாதா? அவர் நிற்கப்போகும் இடம் அவரையும் அவர் கொண்டு செல்லும் பாரத்தையும் தாங்குமா? விளிம்பில் அவரைத் தடுப்பது யாது? தடுத்தும் தவறினால் அவரைத் தாங்குவது யாது? தாங்கினால் அவரைக் கீழே கொண்டுவருவது யார்? இவ்வைந்துக்கும் விடை கிடைத்தபின் "பார்த்து ஏறு" என்று சொல்வது அன்பு. விடை தேடாமற் சொல்வது, நமது கடமையை அவர் தோளில் ஏற்றி அனுப்புவதாகும்.

பழைய மாணவர் பலர் இன்று வீடு கட்டுவோராகவும், ஆலய தருமகர்த்தாக்களாகவும், கம்பனிகளை நடத்துவோராகவும், கல்லூரிக்கு மாடிக் கட்டடம் அளிப்போராகவும் விளங்குகின்றனர். கட்டடத்தின் திறப்பு விழாவிலே கல்லிற் பொறிக்கப்படுவன கொடையாளர் பெயர்கள். அக்கல்லைப் பதித்தவர் பெயர் பொறிக்கப்படுவதில்லை. அதனை அவர் எதிர்பார்ப்பதுமில்லை. அவர் எதிர்பார்ப்பது, மாலையிற் கூலியோடு தம் காலால் நடந்து வீடு சேர்வதையே. அதற்கு வேண்டிய பலகையையும் கயிற்றையும் அளித்தல் கொடையன்று, கடன்.

நான் வைத்தியசாலையிற் கண்ட வீட்டுக்காரர் அதன்பின் மீதிக் கூரை வேலையையும் செய்வித்தார். இரண்டு நீண்ட பலகைகளை வாங்கித் தாமே தகடுகளின்மேற் போடுவித்த பின்னரே ஆளை ஏறச் சொன்னார். வேலை முடிந்தபின் அப்பலகைகளை அவர் விற்கவில்லை. அயலில் யாராவது கூரை மேயத் தொடங்கினால், கேளாமலே கொண்டுபோய்க் கொடுக்கின்றார்.